நிறுவனம் மாறியது, பேச்சு நின்றது!

(இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

அறிவியல் வளர்ச்சியைப் போற்றும் கட்டுரைகள் நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் இடம் பெறுகின்றன. விண்வெளிப் பயணம் பற்றியும் கணிப்பொறியின் விந்தைகள் பற்றியும் நம் நண்பர்கள் எழுதியவற்றை நானும் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது வளர்ச்சியின் புகழ் அன்று. வளர்ச்சி என்னும் பேருந்து புறப்படும்போது, படியில் கால் வைப்பதற்குள் விசில் ஊதப்பட்டு, நிறுத்தத்திலேயே விடப்பட்ட ஒரு கிழவியைப் பற்றி எழுத வந்தேன். அந்தக் கிழவி வேறு யாருமல்லர், என் அப்பத்தாதான்.

'செல்பேசியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அது இல்லாத வீடே இல்லையே!' என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லாத வீடு இல்லை என்பது உண்மை. ஆனால் இருந்தும் பேசாத செல்பேசி இருக்கும் வீடுகள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

சிங்கப்பூரில் செத்தது, எங்கள் ஊரில் பிழைத்தது

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். மழை பொய்த்தால் ஆண்கள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போவது எங்கள் பக்கத்து வழக்கம். என் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். அம்மா தங்கையுடன் திருப்பூரில் இருக்கிறார். நான் விடுதியில். வீட்டில் அப்பத்தா மட்டுமே. எங்கள் நால்வரையும் அப்பத்தாவோடு இணைத்துக் கட்டியிருந்தது ஒரு பட்டன் போன்.

அந்தப் போனுக்கு ஒரு வரலாறு உண்டு. அப்பா அதைச் சிங்கப்பூரில் வாங்கினார். சில ஆண்டுகள் அதில்தான் எங்களோடு பேசினார். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அந்நாட்டின் மூன்று செல்பேசி நிறுவனங்களும் இரண்டாம் தலைமுறைச் சேவையை, அதாவது 2ஜி-யை, நிறுத்தின. அன்றோடு அப்பாவின் போன் அங்கே ஊமையாயிற்று. அவரோடு தங்கியிருந்தவர்கள் பலரும் புதுப் போன் வாங்க வேண்டியதாயிற்று. 'உடைந்து போகவில்லை, தண்ணீரில் விழவில்லை. நல்ல போன், சும்மா கிடக்கிறது' என்று அப்பா வருந்தினாராம். அடுத்த விடுமுறையில் வந்தபோது அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தார். எங்கள் ஊர்ச் சிம் அட்டையைப் போட்டதும் எதுவுமே நடவாதது போல அது மணியடித்தது!

சிங்கப்பூரில் செத்தது எங்கள் ஊரில் பிழைத்தது எப்படி? அது சாகவே இல்லை என்பதே உண்மை. அதனோடு பேசிக் கொண்டிருந்த டவர்தான் அங்கே வாயை மூடிக் கொண்டது. இங்கே டவர் பேசியது, அதுவும் பேசியது. ஒரு செல்பேசி பழையதா புதியதா என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை. எந்த நிறுவனத்தின் டவருக்குக் கீழே அது நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இந்தப் பாடத்தை அன்றே நான் கற்றிருந்தால், பின்னால் நடந்த துன்பத்தைத் தடுத்திருக்கலாம்.

அந்தப் போனில் 2 என்ற பொத்தானை அழுத்திப் பிடித்தால் எனக்கு அழைப்பு வரும். 3 என்றால் அம்மாவுக்கு. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பொத்தான்கள் அவர் விரலுக்குத் தெரியும். விளக்கு இல்லாத இரவிலும் தெரியும்.

திருவிழாக் குடையின் கீழே

சென்ற ஆண்டு பங்குனித் திருவிழா. கோயில் வாசலில் வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவே ஒரு வண்ணக் குடை. அதன் கீழே ஒரு மேசை; மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர். 'ஆத்தா, நம்பர் மாறாது. காசுதான் குறையும்' என்றாராம். மாதா மாதம் ரீசார்ஜுக்குப் பணம் கேட்க என்னை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் அப்பத்தாவுக்கு எப்போதும் உண்டு. சரி என்று சொல்லி விட்டார்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக் கொள்ளும் வசதி நம் நாடு முழுவதும் 2011-ஆம் ஆண்டு சனவரி 20 அன்று நடைமுறைக்கு வந்தது. போர்ட் என்ற சொல்லோடு நம் எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். அந்த இளைஞர் அப்பத்தாவின் போனை வாங்கி, அதிலிருந்தே அந்தக் குறுஞ்செய்தியை அனுப்பினார், ஆதாரைப் பார்த்தார், புகைப்படம் எடுத்தார், புதுச் சிம்மைக் கையில் கொடுத்தார். 'பழைய சிம்மில் டவர் போனதும் இதைப் போட்டுக்குங்க ஆத்தா' என்றார்.

நண்பர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். அவர் எந்தப் போனிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பினாரோ, அது 2ஜி மட்டுமே அறிந்த பட்டன் போன். அவர் விற்றதோ அந்தப் போனோடு பேசத் தெரியாத வலையமைப்பின் சிம். கையில் பிடித்து, பொத்தானை அழுத்திப் பார்த்த கருவி எத்தகையது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அவரும் நம் வயதுப் பிள்ளைதான். ஒரு சிம்முக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கமிஷனுக்காக வெயிலில் நிற்கிறார். அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. கருவியைக் கேட்க வேண்டும் என்ற ஒரு கேள்வியை அவர் கையில் யாருமே கொடுத்தனுப்பவில்லை. என் வழக்கு அதைப் பற்றியதே.

ஒன்பது நாட்கள்

மூன்று நாட்களில் பழைய சிம் அடங்கியது. பக்கத்து வீட்டுப் பையன் புதுச் சிம்மை மாட்டிக் கொடுத்தான். அன்று முதல் அந்தப் போன் மணியடிக்கவில்லை.

நான் அழைத்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் வந்தது. சார்ஜ் போடவில்லை போலும் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படியே நினைத்தார். அப்பாவும் அப்படியே நினைத்தார். எனக்கு அப்போது அகமதிப்பீட்டுத் தேர்வு. ஆறாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் பேசினேன். 'நல்லாத்தான் இருக்காங்க, இப்பத்தான் கம்மாய்ப் பக்கம் போனாங்க' என்றார்கள். நான் நிம்மதியாகப் புத்தகத்தைத் திறந்தேன்.

ஒன்பதாம் நாள் இரவு மழை. மாட்டுக் கொட்டகையில் கன்று கத்துகிறதே என்று எழுந்து போன அப்பத்தா வழுக்கி விழுந்தார். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. மடியில் போன் இருந்தது. 2-ஐ அழுத்தினார். 3-ஐ அழுத்தினார். மீண்டும் 2. மழைச் சத்தத்தில் அவர் போட்ட குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. விடியற்காலையில் பால் கறக்க வந்தவர்தான் தூக்கி உட்கார வைத்தார்.

செய்தி கேட்டு நான் ஓடினேன். மருத்துவமனையில் கட்டுப் போட்ட கையோடு அப்பத்தா என்னைப் பார்த்து முதலில் கேட்டது வலியைப் பற்றி அன்று. 'என்னய்யா, ஒன்பது நாளா ஒரு பயலும் கூப்பிடலியே. அப்பத்தா வேண்டாதவளாப் போயிட்டேனாய்யா?' என்றுதான் கேட்டார். கை எலும்பு ஆறு வாரத்தில் கூடி விட்டது. அந்தக் கேள்வி என் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை.

அன்று மாலை அந்தப் போனைப் பிரித்துப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. என் சிம்மை அதற்குரிய பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தி அந்தப் போனில் போட்டேன். கோடுகள் எழுந்து நின்றன. அப்பத்தாவின் சிம்மை என் போனில் போட்டேன்; வங்கியிலிருந்தும் எரிவாயு முகவரிடமிருந்தும் வந்து தேங்கியிருந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டின. கருவியும் நல்லது, அட்டையும் நல்லது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் ஊமை! திருமணப் பொருத்தம் பார்க்க ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பொருத்தம் பார்க்க ஒருவர் இல்லை.

பழைய நிறுவனத்துக்கே திரும்பி விடலாம் என்று கடைக்குப் போனேன். 'ஒரு தடவை மாறினால் 90 நாள் கழிச்சுத்தான் மறுபடி மாற முடியும், தம்பி. ஆயிரத்து ஐநூறு ரூபாய் போட்டால் 4ஜி பட்டன் போனே கிடைக்குது. வாங்கிக் கொடுத்திருங்க' என்றார் கடைக்காரர். 90 நாள் விதி உண்மைதான். அடிக்கடி தாவுவதைத் தடுக்க வைத்த விதி, தவறி விழுந்தவர் எழுவதையும் தடுக்கிறது. அப்போது அப்பத்தா வாங்கிய முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். குறையும் என்று சொன்ன காசு எங்கே குறைந்தது?

கடைசியில் வேறொரு நிறுவனத்தில் புதிய எண் வாங்கி அந்தப் பட்டன் போனில் போட்டோம். பழைய எண்ணின் சிம் 90 நாட்களும் என் போனில் குடியிருந்தது. எரிவாயு உருளை வந்தால் அதற்கான எண் விடுதியில் இருக்கும் எனக்கு வரும். நான் வகுப்பை விட்டு வெளியே வந்து அப்பத்தாவை அழைத்து, எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் அதை உருளை கொண்டு வந்தவரிடம் ஒப்பிப்பார். கேட்பவர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் இன்று ஓர் எண் என்பது பேசுவதற்கு மட்டுமா? வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, எரிவாயு, ஆதார் எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. எண் ஊமையானால் மனிதரே பாதி ஊமையாகி விடுகிறார்.

இசைக்கவை சொல்லும் பாடம்

இது ஏன் நடந்தது என்பதை நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். ஓர் இசைக்கவையைத் தட்டினால், அருகிலுள்ள கவைகளில் அதே அதிர்வெண் கொண்டது மட்டுமே தானும் ஒலிக்கும். இதை ஒத்ததிர்வு என்று படிக்கிறோம். மற்றவை எவ்வளவு உயர்ந்த எஃகினால் ஆனவையாயினும் அசையாமல் நிற்கும். செல்பேசியும் டவரும் முதலில் இப்படி ஒத்துப் போக வேண்டும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் 2ஜி இயங்கியது 900, 1800 மெகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசைகளில். அதனால்தான் அப்பாவின் போன் இங்கே வந்ததும் பேசியது. அமெரிக்காவில் அதே 2ஜி 850, 1900 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அந்த இரண்டை மட்டும் அறிந்த பழைய போனை அங்கிருந்து உறவினர் அன்போடு கொண்டு வந்தால், அது இங்கே கடிகாரமாக மட்டுமே பயன்படும்.

அலைவரிசை ஒத்தாலும் மொழி ஒக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை வலையமைப்புகளில் ஒருவர் பேசத் தொடங்கினால், பேசி முடிக்கும் வரை அவருக்கென ஒரு வழி ஒதுக்கப்படும். நான்காம் தலைமுறையாகிய 4ஜி அப்படியன்று. அங்கே எல்லாமே சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. குரலும் ஒரு பொட்டலமே. குரலைப் பொட்டலம் கட்டும் ஏற்பாட்டுக்கு வோல்ட்டி என்று பெயர். தொடக்கத்தில் வந்த 4ஜி போன்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. அவை இணையத்தை 4ஜி-யில் தரும். அழைப்பு வந்ததும் பழைய 2ஜி-க்கோ 3ஜி-க்கோ இறங்கி விடும். இறங்குவதற்குப் படியே இல்லாத வலையமைப்பில் அவை என்ன செய்யும்? படம் காட்டும், பேசாது. '4ஜி போன்தானே வைத்திருக்கிறேன், எனக்கென்ன?' என்று நிம்மதியாக இருப்பவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

இவை இரண்டும் இயற்கையும் பொறியியலும் வைத்த தடைகள். மூன்றாவது தடை மனிதர் வைத்த பூட்டு. ஒரு நிறுவனம் மலிவு விலைக்குப் போனை விற்கும்போது, தன் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி மென்பொருளால் பூட்டி விடுவதுண்டு. அலைவரிசையும் ஒக்கும், மொழியும் ஒக்கும், ஆனால் வாய்க்கு ஒரு பூட்டு!

நாம் மறந்து போன முன்கதை

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்குப் புதியதன்று. இந்தியாவில் முதல் செல்பேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு சூலை 31 அன்று கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நடந்தது. அந்தச் சேவை ஜி.எஸ்.எம். முறையைச் சேர்ந்தது. அம்முறையின் பேரழகு என்னவென்றால், ஆளையும் கருவியையும் அது பிரித்து வைத்தது. ஆளின் அடையாளம் சிம் அட்டையில். கருவி எதுவாயினும் சரி.

2002-ஆம் ஆண்டின் இறுதியில் ரிலையன்ஸ் நிறுவனம் சி.டி.எம்.ஏ. என்னும் வேறொரு முறையைக் கொண்டு வந்தது. 2003-இல் 501 ரூபாய் முன்பணம் கட்டினால் போன் என்று அறிவித்தது. அதுவரை செல்பேசியைத் தொட்டுப் பார்க்காத எத்தனையோ எளியவர் கைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அம்முறையின் தொடக்க காலப் போன்கள் பெரும்பாலானவற்றில் சிம் அட்டைக்கே இடமில்லை. ஆளின் அடையாளம் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. நிறுவனத்தை விட்டுப் போக வேண்டுமானால் போனையும் விட்டு விட்டுத்தான் போக வேண்டும். 2017-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் தன் செல்பேசி அழைப்புச் சேவையை மூடியது. எங்கள் ஊரில் இன்றும் சில வீட்டுப் பரண்களில் அத்தகைய போன்கள் கிடக்கின்றன, குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2018-இல் ஏர்செல் நிறுவனம் நொடித்தபோது, தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோர் எண்ணைத் தூக்கிக் கொண்டு வேறு நிறுவனங்களுக்கு ஓடினர். வரிசையில் நின்றனர், அலைந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்களுள் மிகப் பலர் பழைய போனையே வைத்துப் பேச முடிந்தது. அவர்கள் சென்ற இடத்திலும் அதே 2ஜி, அதே அலைவரிசை இருந்தது காரணம். எண்ணும் பெயர்ந்தது, கருவியும் பெயர்ந்தது. அதுவல்லவா முழு விடுதலை?

பிற நாடுகள் செய்தவை

அமெரிக்காவில் பல்லாண்டுகள் பெரிய நிறுவனங்களுள் இரண்டு ஜி.எஸ்.எம். வழியிலும், இரண்டு சி.டி.எம்.ஏ. வழியிலும் நடந்தன. ஒன்றின் போன் மற்றொன்றில் பேசாது. பூட்டும் சேர்ந்து கொண்டது. 2013-ஆம் ஆண்டு சனவரி 26-க்குப் பின் வாங்கிய போனின் பூட்டை நிறுவனத்தின் இசைவின்றி உடைப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்ற நிலை வந்தபோது, மக்கள் பொறுக்கவில்லை. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுவில் ஒப்பமிட்டனர். 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், பூட்டைத் திறக்க இடந்தரும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஒபாமா கையொப்பமிட்டார். கனடா 2017 டிசம்பர் முதல் பூட்டிய போன்களை விற்கவே தடை விதித்தது. பிரிட்டன் 2021 டிசம்பரில் அதே வழியில் சென்றது.

பூட்டு போனாலும் சிக்கல் போகவில்லை. 2022-இல் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் பிப்ரவரியிலும், வெரிசான் ஆண்டின் கடைசி நாளிலும் தம் 3ஜி சேவைகளை மூடின. ஏ.டி. அண்டு டி. தன் வலையமைப்பில் எந்தெந்தப் போன்கள் பேசும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. வோல்ட்டி ஏற்பாடு இருந்தும், பட்டியலில் பெயர் இல்லாத காரணத்தால் ஒதுக்கப்பட்ட போன்களும் உண்டு. தகுதி இருந்தும் சாதிச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவனின் நிலை போன்றது அது!

ஆஸ்திரேலியாவின் அனுபவம் எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது. அங்கே 2024 அக்டோபர் 28 முதல் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் நிறுவனங்கள் 3ஜி-யை நிறுத்தின. அதற்கு முன்பே ஓர் ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டது. சில போன்கள் அன்றாட அழைப்புகளை 4ஜி-யில் ஒழுங்காகச் செய்யும். ஆனால் 000 என்ற அவசர எண்ணை அழைத்தால் மட்டும் 3ஜி-யைத் தேடும். அதாவது, வீடு பற்றி எரியும்போதுதான் போன் ஊமை என்பது தெரிய வரும்! அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களுக்குச் சேவை அளிக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசு ஆணையிட்டது. கடுமையான மருந்துதான். பலர் புதுப் போன் வாங்க நேர்ந்தது. எனினும் 'உன் போன் உன்னைக் காப்பாற்றாது' என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஓர் அரசு கருதியதே, அதை நான் மதிக்கிறேன். எங்கள் அப்பத்தாவுக்கு அதை மாட்டுக் கொட்டகையின் ஈரத் தரையல்லவா சொன்னது!

மறுப்பவர்களுக்கு மறுமொழி

'பழைய முறையை எத்தனை காலத்துக்குச் சுமப்பது?' என்று கேட்போர் உண்டு. விடுதியில் என் அறை நண்பரே கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. அலைக்கற்றை அளவற்றதன்று; அது நிலத்தைப் போன்றது. பழைய பயிருக்கு ஒதுக்கிய வயலில் புதிய பயிர் போட்டால் பன்மடங்கு விளையும். பழைய கருவிகளை இயக்க மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். 2ஜி-யின் மறைகுறியீடு வலிமை குன்றியது. போலி டவர் வைத்து ஏமாற்றுவதற்கு இடந்தருவது. இவற்றையெல்லாம் நான் ஒப்புக் கொள்கிறேன். பழையது நாளைக்குப் போகத்தான் வேண்டும்.

ஆனால் போகும் செலவை யார் தலையில் வைப்பது என்பதே என் கேள்வி. புதிய வேகத்தால் திரைப்படம் பார்ப்பவர் நாம். அதற்காகப் போனை மாற்ற வேண்டியவர் படமே பார்க்காத அப்பத்தா. ஆதாயம் ஓரிடத்தில், அபராதம் வேறோரிடத்தில் என்பது என்ன நீதி? அந்த அபராதத்தையும் சொல்லாமல் கொள்ளாமல் விதிப்பது என்ன முறை?

'வாங்குபவர் விசாரித்து வாங்க வேண்டியதுதானே' என்றும் சொல்வார்கள். படிக்காத மூதாட்டி அலைவரிசையை விசாரிப்பதா? விசாரிக்க வேண்டியவர் விற்பவர். விசாரிக்கும் வழியும் அவரிடமே இருக்கிறது. ஒவ்வொரு செல்பேசிக்கும் 15 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. எந்தப் போனிலும் *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். அதன் முதல் எட்டு இலக்கங்கள் அந்தப் போனின் தயாரிப்பையும் வகையையும் குறிப்பவை. போர்ட் விண்ணப்பத்தில் இந்த எண்ணையும் கேட்டால், 'இந்தக் கருவி எங்கள் வலையமைப்பில் பேசாது' என்று கணிப்பொறியே நொடியில் சொல்லி விடும். புகைப்படம் எடுக்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள். இந்த ஓர் எண்ணைக் கேட்க மட்டும் மனம் இல்லையா?

ஆகவே என் கருத்துகளைத் தொகுத்துச் சொல்கிறேன். எண்ணை மாற்றித் தரும் முன்பே கருவியின் பொருத்தத்தைச் சோதித்துச் சொல்வதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். கருவி பேசவில்லை என்றால், 90 நாள் விதிக்கு விலக்களித்து, பழைய நிறுவனத்துக்கு உடனே திரும்ப வழி செய்ய வேண்டும். போன் பெட்டியின் மீது, எந்த வகை வலையமைப்பில் பேசும், எதில் பேசாது என்பதைத் தமிழில், கண்ணாடி போடாமலே படிக்கும் அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். ஒரே நிறுவனத்துக்குப் பூட்டிய போனை விற்பதை நம் நாடும் தடுக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் கோடி கோடியாய்ச் செலவில்லை.

நாம் செய்யக் கூடியது

அரசு செய்யட்டும் என்று எழுதி விட்டுப் பேனாவை மூடுவது எளிது. நாம் என்ன செய்யப் போகிறோம்?

எண்ணை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை மிக எளியது. நாம் போக நினைக்கும் நிறுவனத்தின் சிம்மை வைத்திருக்கும் ஒருவரிடம் அதைப் பத்து நிமிடம் இரவல் வாங்கி, நம் போனில் போட வேண்டும். சிக்னல் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஓர் அழைப்புச் செய்து பேச வேண்டும். ஓர் அழைப்பு வரச் செய்து எடுக்க வேண்டும். அதையும் வீட்டுக்குள் நின்று செய்து பார்க்க வேண்டும். இவை மூன்றும் நடந்தால் மாறலாம். நடக்கவில்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் அது மலிவன்று. இதற்குப் பட்டம் வேண்டாம். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை அப்பத்தாவுக்கு நான் கொடுக்கவில்லை. நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுக்கும் என் விரல் என்னையும் சுட்டுகிறது.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கிராமத்துக்குச் செல்கிறோம். தெருவைப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்ல பணிகள். அடுத்த முகாமில் ஊர்ச் சாவடியில் ஒரு மேசையும் இரண்டு பெஞ்சும் போடுவோம். பல நிறுவனங்களின் சிம்களை வைத்துக் கொண்டு, முதியோர் போன்களை வாங்கிச் சோதித்து, 'இது இதில் பேசும், இதில் பேசாது' என்று ஒரு சீட்டில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டிக் கொடுப்போம். திருவிழாக் குடைக்குப் பக்கத்தில் நம் மேசையும் இருக்கட்டும். திட்ட அலுவலராகிய பேராசிரியர் இதற்கு இசைவு தர வேண்டும் என்று இம்மலர் வாயிலாகவே வேண்டுகிறேன்.

90 நாட்கள் கழிந்ததும் அப்பத்தாவின் பழைய எண்ணைப் பழைய நிறுவனத்துக்கே மாற்றி, பட்டன் போனில் போட்டேன். என் போனிலிருந்து அழைத்தேன். மணி அடித்தது. எடுத்தவர், எதிரிலேயே நான் நிற்பதை மறந்து, 'யாரு, ராசாவா? சாப்பிட்டியாய்யா?' என்று கேட்டார். சிங்கப்பூரில் கைவிடப்பட்ட அந்தப் பழைய போன் அவர் குரலை எனக்குத் தெளிவாகக் கொண்டு வந்து சேர்த்தது. நாளை எங்கள் ஊர் டவரும் மாறும். அந்தப் போனுக்கும் ஒரு கடைசி நாள் வரும். அந்த நாளை அதற்கு முன்பே யாராவது அப்பத்தாவிடம் வந்து சொல்ல வேண்டும்.

அந்த 'யாராவது' நாமாக இருப்போமே!